அழித்த டேப்பில் ஒரு கூப்பாடு

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஆளாகப் போய் நின்ற அருஞ்சுனையைப் பார்த்து, "பால் தீந்துருச்சு" என்றார் கடைக்காரர். சொல்லும்போதே எட்டாவது ஆளின் கிளாஸில் பாலை ஊற்றினார்.

"கடுங்காப்பியாவது போடுங்க."

"அடுப்பு அணஞ்சிருச்சு."

"அப்ப இந்த ஆவி எங்கேருந்து வருது அண்ணாச்சி? ஒங்க கோவத்துலயிருந்தா?"

கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்த வேகத்தைப் பார்த்து, ராஜகுரு தன் உதவியாளனின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"ஏலே, உயிரோட மதுரைக்குத் திரும்பணும்னு ஆசை இருக்கா இல்லையா?"

"டீ குடிச்சிட்டுத் திரும்பணும்னு ஆசை, அண்ணாச்சி."

ராஜகுரு பன்னிரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்த் தீ விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன், 1970-ல், அந்த வேலையை விட்டுவிட்டு மதுரையில் ஒரு மாடி அறையில் தனியார் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். அருஞ்சுனைக்கு முப்பது வயது. அவனுக்குத் தெரியாத தொழில் வாயை மூடிக்கொண்டிருப்பது.

ஊர் அவர்களை வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் அவர்கள் மாரிக்கனியோடு தெருவில் நடந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

மாரிக்கனிக்கு இருபத்தாறு வயது. பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு நடத்துபவள். எட்டு மாதமாகச் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் எல்லாம் அருப்புக்கோட்டைக்கு வந்து, விசைத்தறிக் கூடங்களின் இரைச்சலை டேப்ரிகார்டரில் பதிந்துகொண்டிருந்தாள். கடைசியாக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து தங்கியிருந்தாள். இவள் சர்க்காருக்கு உளவு சொல்கிறாள், இவள் எழுதும் அறிக்கையால் தறிகளை இழுத்து மூடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, அவளுக்குக் கடைகளில் சாமான் கொடுப்பது நின்றுபோனது. புதன்கிழமை மாலை, சண்முகவேலின் தறிக்கூடத்தில் பூட்டி வைத்திருந்த டேப்ரிகார்டர் காணாமல் போனது. அது கல்லூரியின் சொத்து. அவளே விற்றுவிட்டாள் என்று பிரின்சிபால் முடிவு கட்டி, ராஜகுருவை அனுப்பி வைத்திருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. விடிந்தபோது அந்தப் பெட்டி ஒரு சாக்குக்குள் அவள் வாடகை அறையின் வாசலில் இருந்தது.

மாரிக்கனி கதவைத் திறந்தாள். 'வாங்க' என்று சொல்லவில்லை.

"நான் திருடலன்னு பிரின்சிபாலுக்குத் தந்தி அடிச்சிட்டீகளா?"

"அடிச்சாச்சு. பெட்டி கிடைச்சிருச்சு, என் வேலை முடிஞ்சது. எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றார் ராஜகுரு.

"பெட்டி காலேஜோடது. உள்ள இருந்த டேப்பு என்னோடது. அதை எவனோ அழிச்சிருக்கான். எட்டு மாசம் பதிஞ்சதெல்லாம் அந்த ஒரே சுருள்ல, சார்!"

அருஞ்சுனை தரையில் உட்கார்ந்தான். "தறிச் சத்தம்தான? இந்த ஊர்ல அது ஓசியில கிடைக்குதே. இதுல என்ன ஆராய்ச்சி?"

அவள் அவனை அறைந்துவிடுவாள் போல இருந்தது.

"வேண்டாத சத்தம்னு எல்லாரும் ஒதுக்குறதுதான் இரைச்சல். மெஷின் கெட்டுப்போறது மொதல்ல அதுலதான் தெரியும். மனுசன் காது கெட்டுப்போறதும் அதாலதான். மெட்ராஸ்ல ஒரு இன்ஜினீரிங் காலேஜுல இரைச்சலுக்குன்னே டாக்டர் பட்டத்துக்கு ரெண்டு இடம் ஒதுக்கிப் பேப்பர்ல போட்டிருந்தாக. ஒண்ணு, ரேடியோ மாதிரி கருவிகளுக்குள்ள தானா கெளம்புற இரைச்சல். இன்னொண்ணு, ஆலை, தறி இரைச்சல். அந்த ரெண்டாவது இடத்துக்குத் திங்கக்கெழமை காலையில எனக்கு இண்டர்வியூ. வெறுங்கையோட போயி நின்னா, தறிச் சத்தத்துல என்னம்மா ஆராய்ச்சின்னு அவுகளும் கேப்பாக."

குரலை இறக்கினாள்.

"எங்க அய்யாவும் ஆத்தாவும் எம்.ரெட்டியபட்டியில கூலிக்குப் பருத்தி எடுக்காக. கெடச்ச பெறகு சொல்லலாம்னு அவுகளுக்குக்கூட நான் சொல்லல."

ராஜகுரு சாக்குக்குள் கை விட்டார். ஒரு துண்டுச் சீட்டு வந்தது. கொட்டை எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'இதில் இனி ஒன்றும் இல்லை. போட்டுப் பார்த்தாச்சு. ஊரைப் பார்த்துப் போ.'

"டேப்பை எப்படி அழிப்பாங்க?"

"செவப்புப் பொத்தானை அமுக்கி மறுபடி பதிஞ்சா, பழசு போயிரும். சத்தமில்லாத அறையில வெச்சுப் பதிஞ்சா, டேப்பு வெத்தா ஆயிரும்."

"சத்தமே இல்லாத அறை இந்த ஊர்ல எங்க இருக்கு? போடும்மா, கேட்போம்."

"ஒண்ணுமே இல்ல சார். காலையில அஞ்சு நிமிசம் கேட்டேன். அழுகையா வந்துச்சு, நிறுத்திட்டேன்."

"ஒண்ணுமில்லாததைத்தான் கேட்கணும்."

சுருள் சுற்றத் தொடங்கியது. மெல்லிய 'ஸ்ஸ்ஸ்' என்ற ஒலி மட்டும் வந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போனது. அருஞ்சுனை கொட்டாவி விட்டான். பன்னிரண்டாவது நிமிடத்தில் மைக்குக்கு வெகு அருகில் யாரோ ஒரு ஆண் இருமினான். சற்றுப் பொறுத்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் கூப்பாடு.

"மாமா! ஏ மாமா! கதவத் தெறங்க! தண்ணி வந்துருச்சு! கொடத்தக் குடுங்க மாமா, நின்னுரப் போகுது!"

ஒன்பது முறை தட்டினாள். பத்தாவதாக எதனாலோ கதவை ஓங்கி அடித்தாள். "செத்துக்கித்துப் போயிட்டாரா!" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பின்பும் அந்த ஆண் நிதானமாக இன்னொரு முறை இருமினான்.



"இந்த ஊர்ல தண்ணி வந்துருச்சுன்னு சொன்னா, பாடையில கெடக்கறவனே கொடத்தோட எந்திரிப்பான்" என்றான் அருஞ்சுனை. "இவன் அசையலையே!"

"அசையல. அதுக்கு மேல, இதைப் போட்டுப் பார்த்தாச்சுன்னு சீட்டு வேற எழுதியிருக்கான். போட்டுப் பார்த்தவனுக்கு இந்தக் கூப்பாடு கேட்டிருந்தா, இந்த டேப்பை வாசல்ல வெச்சிருப்பானா?" ராஜகுரு பொத்தானை அமுக்கி நிறுத்தினார். "நம்ம ஆளுக்குக் காது கேட்காது."

மாரிக்கனி தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். "சண்முகவேல் தறி ஷெட்டுல முப்பத்தொரு நெசவாளிங்களுக்கு இசைக்கவையைத் தட்டி, அந்த ரீங்காரம் கேக்குதான்னு காதைச் சோதிச்சேன். எல்லாருக்கும் கொறைவுதான். ஆனா கதவு தட்டுறது கேக்காத அளவுக்கு யாருமில்ல. மொதலாளிதான் சோதிக்க உக்காரவே மாட்டேன்னுட்டாரு. அவரும் முன்னாடி தறி ஓட்டுனவருதான். அவராத்தான் இருக்கணும்!"

"வேற யாரும் பாக்கி?"

"மேஸ்திரி வீரபத்திரன். அவருக்குக் காது நல்லாருக்கு. தறி ஓடுற சத்தத்துலயே நான் சொல்றதெல்லாம் புரிஞ்சுக்கிடுவாரு. இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கற ஒரே மனுசன்."

அவர்கள் படி இறங்கியபோது தெருவில் சண்முகவேல் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, கனத்த உடம்பு.

"பெட்டி கெடச்சுருச்சுல்ல? இன்னும் என்ன? சாயங்கால பஸ்ஸுக்கு மேல மூணு பேரையும் நான் இந்த ஊர்ல பாக்கக் கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இருபது அடி போயிருப்பார். அருஞ்சுனை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். "மொதலாளி மீசைச் சாயம் காதுவரைக்கும் ஒழுகியிருக்கு."

சண்முகவேல் பாம்பை மிதித்தவர் போலத் திரும்பினார். "எவன்டா அவன்? யாரு மீசையைச் சொன்ன?"

ஓடிச் சந்து திரும்பியபின் அருஞ்சுனை மூச்சு வாங்கினான். "அவருக்குக் காது எனக்குக் கேக்குறதைவிட நல்லாக் கேக்குது, அண்ணாச்சி. பேரை அடிச்சிருங்க."

"அடிச்சாச்சு. இனி நம்மகிட்ட இருக்கற ஒரே நூல், தண்ணி."

தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் முனிசிபாலிட்டி ஆள், தொட்டிக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் இருந்தார். நாலு நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீருக்காக ஊரெல்லாம் திட்டித் திட்டி, அவர் முகமே வைவதற்குத் தயாராக இருந்தது.

"வியாழக்கிழமை எந்தத் தெருவுக்குத் தெறந்தா ஒனக்கென்ன? நீ என்ன கலெக்டரா?"

அருஞ்சுனை பெருமூச்சு விட்டான். "நமக்கென்ன வந்துச்சு? மேலத்தெருவுல பேசிக்கிட்டாக. நேத்து மத்தியானம் கடைக்காரங்க சொன்னாங்கன்னு கீழத்தெருவுக்கு ரெண்டு மணிநேரம் தெறந்து விட்டீகளாம்."

"எந்தப் பய சொன்னான்?" அவர் எழுந்தே விட்டார். "நேத்து கீழத்தெருவுக்கு ஒரு சொட்டு விடல! மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பாவடித் தெருவுக்கு மட்டும்தான் தெறந்தேன், அதுவும் அரை மணி நேரம். வரச் சொல்லு அந்தப் பயல!"

"சொல்லிடறேன்" என்று அருஞ்சுனை பணிவாகக் கும்பிட்டான்.

பாவடித் தெருவில் இருபது வீடு. குரலைத்தான் தேட வேண்டியிருந்தது. அருஞ்சுனை நடுத்தெருவில் நின்று, "தண்ணி வந்துருச்சு!" என்று ஒரு சத்தம் போட்டான். பதினைந்து பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். வந்ததும் குழாயைத் திருகிப் பார்த்து அவனை வைதார்கள். அந்த வசவுகளில் ஒரு குரல் டேப்பில் கேட்ட குரலாக இருந்தது. அவள் பெயர் கருத்தம்மாள்.

"நல்லவேளை, இந்த ஊர்ல யாரும் மூஞ்சியில தண்ணிய ஊத்த மாட்டாக" என்றான் அருஞ்சுனை, இரண்டடி பின்வாங்கி.

ராஜகுரு முன்னால் வந்தார். "நேத்தும் இப்படித்தான் கத்தி, ஒருத்தர் கதவத் தெறக்கலையாமே தாயி?"

கருத்தம்மாளின் கோபம் சட்டென்று திசை மாறியது. "ஒங்களுக்கும் தெரிஞ்சிருச்சா? பத்துத் தடவ தட்டுனேன். செருப்பு வாசல்ல கெடக்கு, உள்ள இருமுற சத்தம் கேக்குது. அத்தை ஊருக்குப் போயிருக்குன்னு நான் ஒரு கொடம் புடிச்சுக் குடுக்கலாம்னு போனா, எனக்கு இந்த மருவாதி. இனி அவரு மொகத்துல முழிக்க மாட்டேன்."

"எந்த வீடு?"

"அந்தா, பச்சைக் கதவு. மேஸ்திரி மாமா வீடு."

மாரிக்கனி நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள்.

"நேத்துதான் அவரைச் சோதிக்கறதா இருந்தேன்" என்றாள். "வியாழக்கிழமை மத்தியானம்னு அவரே நேரம் சொன்னாரு."

தறிக்கூடத்துக்குள் நாற்பது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் ராஜகுருவுக்குத் தன் குரலே கேட்கவில்லை. ஆனால் அங்கே யாரும் ஊமையாக இல்லை. நெசவாளிகள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரையும்விட வேகமாகப் புரிந்துகொண்டவர் நடுவில் நின்ற மேஸ்திரிதான். ஐம்பது வயது, நரைத்த கிராப்பு, எண்ணெய்க் கை. மாரிக்கனியைப் பார்த்ததும் சிரித்தார். "வா தாயி" என்று அவர் உதடுகள் சொல்லின.

ராஜகுரு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குக் கரண்ட் வெட்டு.

தறிகள் ஒவ்வொன்றாக மூச்சடங்கி நின்றன. நெசவாளிகள் காற்று வாங்க வெளியே போனார்கள். மேஸ்திரி மட்டும் ஒரு தறியின் மேல் குனிந்து துணியால் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். ராஜகுரு அவர் முதுகுக்கு இரண்டு அடி பின்னால் போய் நின்றார்.

"மேஸ்திரி, பாவடித் தெருவுல தண்ணி வந்துருச்சு."

வாசலுக்கு வெளியே நின்ற ஒரு நெசவாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தான். மேஸ்திரியின் கை ஒரே சீராகத் துடைத்துக்கொண்டிருந்தது.

மாரிக்கனி சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள். "ஏன் இப்படிப் பண்ணுனீக?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற ராஜகுருவைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. துணியைத் தூக்கி எறிந்தார்.

"பின்னாடி நின்னு பேசிப் பாத்தீகளாக்கும்!" நிசப்தத்தில் அவர் குரல் தேவைக்கு மேல் பலமாக ஒலித்தது. "ஆமா, நான்தான் எடுத்தேன். காதில்லாதவன மேஸ்திரியா எவன் வெப்பான்? ஒன் பேப்பரு வந்ததும், யாரு யாருக்குக் காது போச்சோ அவனையெல்லாம் வெளிய தள்ளணும்னு மொதலாளி சொல்லிட்டாரு. தறி ஓடுறப்ப ஊரே செவிடுதான் தாயி. அதுல நானும் ஒருத்தன். தறி நின்னாத்தான் எனக்குப் பயம். நீ என்னைய ஒரு அமைதியான ரூமுல உக்கார வெச்சு, தெரிஞ்சுக்கிடப் பாத்த!"

"எட்டு மாசம்! ஒங்களை நம்பித்தான அந்த மெஷினப் பழக்கிக் குடுத்தேன்?"

"பழக்கிக் குடுத்த. செவப்புப் பொத்தான அமுக்குனா பழசு அழியும்னு நீதான் சொன்ன. அழிச்ச பெறகு ஸ்பீக்கர்ல கையை வெச்சுப் பாத்தேன். அதிரல. போயிருச்சுன்னு கொண்டாந்து வெச்சுட்டேன். நான் திருடன் இல்ல."

"என் பொழப்ப அழிச்சிட்டீகளே!"

"நீ டாக்டர் பட்டம் வாங்கிட்டு மெட்ராஸுல உக்காந்துக்கிடுவ. நான் எங்க போயி உக்காருவேன்?"

அப்போது பின்கதவில் நிழல் விழுந்தது. சண்முகவேல் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் நிதானமாகவே சொன்னார்.

"வீரபத்திரா. நாளையிலயிருந்து நீ வரவேணாம்."

மேஸ்திரி அவருக்கு முதுகைக் காட்டி நின்றபடி மாரிக்கனியிடம் பேசிக்கொண்டே இருந்தார். "கையை வெச்சா ஒவ்வொரு தறிக்கும் என்ன நோவுன்னு எனக்குத் தெரியும். இருபத்தேழு வருசம். காது எதுக்கு?"

"கணக்க முடிச்சுக்கிட்டுப் போயிரு" என்றார் சண்முகவேல், அதே முதுகைப் பார்த்து.

 

மாரிக்கனியின் கண்கள் மேஸ்திரியைத் தாண்டிப் போயின. அவள் உதடு அசைவது அவருக்குத் தெரியாதபடி நோட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"மொதலாளி, நான் சுத்தாத தறிக்கூடம் இந்த ஊர்ல இல்ல. தறி கெட்டு நிக்கிறது இங்கதான் கொறச்சல். அது இவரு கையால. காதில்லாமலே இத்தனை வருசம் ஓட்டியிருக்காரு. ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்கு நீ பாடம் சொல்றியா?"

"சொல்லல. கேக்குறேன். என் ஆராய்ச்சியில எந்தத் தறிக்கூடத்துக்கும் பேரு கெடையாது, நம்பர்தான். ஆனா இவரை வெளிய அனுப்புனா, ஒங்க ஷெட்டுக்கு மட்டும் பேரு போடுவேன். காதை எடுத்துக்கிட்டு ஆளைத் தொரத்துற எடம்னு மெட்ராஸுல எழுதி வெப்பேன். இவரு இருக்கணும். நாளைக்கு ஒரு நாள் கதவத் தெறந்து விடணும். நான் மறுபடி பதியணும்."

"மெரட்டுறியா, ஏ புள்ள?"

"ஆமா."

சண்முகவேலின் கழுத்து நரம்பு புடைத்தது. ராஜகுரு கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார். 

இதற்குள் மேஸ்திரி, தன் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடப்பதை அவள் கண்ணில் பார்த்துவிட்டுத் திரும்பினார். முதலாளியைக் கண்டதும் அவர் தோள் குறுகியது.

"என்ன சொன்னாக?" என்று மாரிக்கனியிடம் கேட்டார்.

அவள் நோட்டை இறக்கி, அவர் கண்ணுக்கு நேராகச் சொன்னாள். "நாளைக்கு ஒரு நாள் பதிஞ்சுக்கிடச் சொன்னாக. நீங்க கூட இருக்கணுமாம்."

சண்முகவேல் தரையில் காறித் துப்பிவிட்டுப் போனார். மறுத்துச் சொல்லவில்லை.

"நான் ஒங்கள மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீக" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு மாரிக்கனியும் வெளியே போனாள்.

ராஜகுரு பிரின்சிபாலுக்கு எழுதிய அறிக்கை நான்கு வரிதான். பெட்டி பழுதில்லாமல் கிடைத்தது, மாரிக்கனி மேல் குற்றமில்லை, எடுத்தவர் பெயர் கல்லூரிக்குத் தேவைப்படாது. திங்கட்கிழமை நேர்காணலில் அவளை ஒன்றரை மணி நேரம் துருவி எடுத்தார்கள். அடுத்த வாரம் அந்த இரண்டாவது இடம் அவளுக்கே என்று தபால் வந்தது. எம்.ரெட்டியபட்டியில் பருத்திக் காட்டுக்கே போய் அதை ஆத்தாவிடம் படித்துக் காட்டியதாக அவள் எழுதியிருந்தாள்.

ஆனால் அருஞ்சுனைக்கு அந்த வழக்கில் மறக்காமல் நின்றது சனிக்கிழமைதான். அன்று பெட்டியைச் சுமந்துகொண்டு அவனும் போயிருந்தான். பகல் முழுக்க மாரிக்கனியும் மேஸ்திரியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் தறி தறியாக மைக்கைப் பிடித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். நெசவாளிகள் இருவரையும் முறைத்தார்கள்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. கூடம் காலியானது. அவள் டேப்பைச் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி ஒரு நூல் பெட்டியை இழுத்துச் சுவரோரம் போட்டார். அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"பேரு போடக் கூடாது. நம்பர்தான்" என்றார். "கேட்டா கையைத் தூக்குறேன். அடி."

 மாரிக்கனி பையிலிருந்து இசைக்கவையை எடுத்து ரப்பர் கட்டையில் தட்டினாள். பத்தடி தள்ளி வாசலில் நின்ற அருஞ்சுனைக்கு அந்த ரீங்காரம் தெளிவாகக் கேட்டது. மேஸ்திரியின் கை முழங்காலிலேயே இருந்தது. அவள் இரண்டடி முன்னால் வந்து மறுபடி தட்டினாள். கை எழவில்லை. காதுக்கு நாலு விரற்கடைப் பக்கத்தில் கொண்டுபோய் மூன்றாவது முறை, பலமாகத் தட்டினாள். அந்தக் காலிக் கூடமெங்கும் அது ஒலித்து மெல்ல மெல்ல அடங்கியது.

மேஸ்திரி சுவரைப் பார்த்தபடியே பொறுமையிழந்து கேட்டார்.

"என்ன தாயி, இன்னும் அடிக்கலையா?"